நனைந்த போன் தானாக அனுப்பிய அவசரச் செய்திகள்: ஒரு நீண்ட கால அனுபவம்

என் போனிலிருந்து கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்கும், அண்ணனுக்கும், கீழ்வீட்டு அக்காவுக்கும் “எனக்கு உதவி தேவை” என்ற செய்தி போகும், கூடவே நான் இருக்கும் இடத்தின் மேப்பும். அந்த நேரம் போன் பைக்குள் கிடக்கும், நான் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். பல மாதங்கள் இதோடு அல்லாடி, காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, அதற்குப் பிறகும் அதே போனைப் பயன்படுத்திவருகிறேன். தண்ணீரில் விழுந்த போன் வைத்திருப்பவர்கள், குறிப்பாக இரவில் தனியாக வீடு திரும்பும் பெண்கள், இதைக் கொஞ்சம் படியுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை வேளச்சேரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வெளியேறியபோது போன் முழுசாக நனைந்தது. அது ஐபி54 தரம், அதாவது சாரல் தெறித்தால் தாங்கும், மூழ்கினால் தாங்காது. ஐபி67 போனுக்கே ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்ற சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். சாக்கடை கலந்த வெள்ளத்தில் உப்பும் அழுக்கும் அதிகம், அதனால் மின்சாரம் அதில் இன்னும் எளிதாகக் கசியும். எங்கள் பகுதியில் கரண்ட் இல்லாததால் போனை சார்ஜில் போட வழியே இல்லை. அதுதான் போனைக் காப்பாற்றியது என்று பின்னால் டெக்னீஷியன் சொன்னார். கரண்ட் வந்ததும் ஆன் செய்தேன். எல்லாம் சரியாகவே வேலை செய்தது.

தொல்லை அடுத்த மழைக்காலத்தில்தான் தொடங்கியது. முதலில் வந்தவை சின்னச் சின்ன அறிகுறிகள். பையிலிருந்து எடுத்தால் கேமரா திறந்திருக்கும். கேலரியில் நான் எடுக்காத ஸ்கிரீன்ஷாட்கள் இருக்கும். சில இரவுகளில் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கேமரா. வால்யூம் குறைக்கும் பட்டனோடு சேர்த்து அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட். நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் ரீஸ்டார்ட். ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் அதே பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர உதவி வசதி இயங்கத் தொடங்கும். நாம் முன்பே சேர்த்து வைத்தவர்களுக்குச் செய்தியும் இடமும் அனுப்புவது அதுதான். சில போன்களில் மூன்று முறையே போதும். இந்தியாவில் 2017 முதல் விற்கும் போன்களில் ஆபத்துக்கால பட்டன் கட்டாயம் என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது.

யாரும் தொடாமல் பட்டன் எப்படி அழுத்தப்படுகிறது? பட்டனை அழுத்தும்போது உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஒரு மெல்லிய மின்கோடு கிரவுண்டோடு, அதாவது மின்சுற்றின் பொதுக் கோட்டோடு, சேர்கிறது. வெள்ளத் தண்ணீர் காய்ந்த பிறகும் அதிலிருந்த உப்பு பட்டனுக்கடியிலுள்ள ஃப்ளெக்ஸில், அதாவது பட்டனைப் போனின் முக்கியப் போர்டோடு இணைக்கும் வளையும் மெல்லிய பட்டையில், படிந்துவிடும். காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் படிவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் வழியாக மின்சாரம் விட்டுவிட்டுக் கசியும்போது, பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள் என்று போன் எடுத்துக்கொள்ளும். சென்னையின் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில்தான் என் போன் அதிகம் ஆட்டம் காட்டியது.

போன் பழுதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முதல் செய்தி போனபோது நான் மீட்டிங்கில் இருந்தேன், பை வெளியே லாக்கரில் இருந்தது. அப்பா திரும்பத் திரும்ப அழைத்துவிட்டு, கீழ்வீட்டு அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அக்கா கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். அந்த அன்புக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் இதே மாதிரி தொடர்ந்தபோது ஒருநாள் அண்ணன் சொன்னான்: “நேத்து ராத்திரி வந்துச்சும்மா. போன்தான் அனுப்பியிருக்கும்னு நெனச்சு தூங்கிட்டேன்.” அவன்மேல் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது. இரவு ஷிஃப்ட் முடித்து ஓஎம்ஆரிலிருந்து வருகிறவள் நான். நிஜமாகவே ஒன்று நடக்கும் இரவிலும் அவன் அப்படித்தானே நினைப்பான்?

அதனால் முதலில் செய்ய வேண்டியது போனைக் கழற்றுவது அல்ல, ஆட்களிடம் பேசுவது. “போன் சரியாகும்வரை தானாக வரும் செய்தியை நம்ப வேண்டாம், ஆபத்து என்றால் நானே குரலில் பேசுவேன், அல்லது நாம் பேசி வைத்த ஒரு சொல்லை அனுப்புவேன்” என்று மூவரிடமும் சொன்னேன். அன்றே செட்டிங்ஸில் அவசர உதவிப் பகுதிக்குப் போய், தானாகத் தொடங்கும் முறையை மாற்றி, திரையிலுள்ள சிவப்பு வட்டத்தை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் தொடங்கும் முறையை வைத்தேன். இது எல்லாப் போனிலும் இருக்காது. இல்லையென்றால் போன் ரிப்பேர் ஆகும்வரை அந்த வசதியை அணைத்து வைக்கலாம். செய்தி போவதற்கு முன் விநாடிகளை எண்ணும் கவுண்ட்டவுன் சத்தத்தை மட்டும் அணைக்காதீர்கள், ரத்து செய்ய நம்மை உஷார்ப்படுத்துவது அதுதான்.

சில போன்கள் செய்தியோடு நிற்காமல் அவசர உதவி எண்ணான 112-ஐயும் அழைக்கும். அழைப்பு போய்விட்டது தெரிந்தால் பதறிக் கட் செய்யாதீர்கள். இணைப்பில் இருந்து, “போன் பழுது, தவறாக வந்துவிட்டது, நான் பத்திரமாக இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். பேச்சே இல்லாத அழைப்பை அவர்கள் சும்மா விட முடியாது, யாருக்கு என்ன ஆனதோ என்று திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 2023 ஜூனில் பிரிட்டனில் ஆண்ட்ராய்டு போன்களின் இதே வசதியால் அந்நாட்டு அவசர எண்ணான 999-க்குத் தவறான அழைப்புகள் குவிந்து, போலீஸே பொதுமக்களிடம் வேண்டுகோள் வைத்தது. அங்கே பிரச்சினை பாக்கெட்டில் பட்டன் அழுந்தியது. ஆனால் அழைப்பை எடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த நேரத்தில் உண்மையிலேயே உதவி வேண்டியவர் காத்திருப்பார்.

அப்புறம் ரிப்பேர். முதலில் போன சர்வீஸ் சென்டரில் உள்ளேயிருந்த ஈரம் காட்டும் ஸ்டிக்கர் சிவந்திருப்பதைக் காட்டி, வாரண்டி கிடையாது, போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் செலவு கிட்டத்தட்ட ஒரு புதுப் போன் விலைக்கே வந்துவிடும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டெக்னீஷியன், மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். பட்டனை அழுத்தாதபோதும் கசிவு காட்டியது. ஃப்ளெக்ஸைக் கழற்றியதும் கசிவு நின்றது. பழுது ஃப்ளெக்ஸில்தான், போர்டில் இல்லை என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. கனெக்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, பவர் ஃப்ளெக்ஸைப் புதிதாக மாற்றினார். போர்டு விலையில் இது ஒரு சின்னப் பங்குதான். எந்தக் கடைக்குப் போனாலும், போர்டு என்று சொன்னால் முதலில் ஃப்ளெக்ஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரிசியில் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அது உப்பை எடுக்காது, தூசியும் மாவும் உள்ளே போகும். 2024-இல் ஆப்பிள் நிறுவனமே ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது.

மாற்றிய பிறகு இன்றுவரை ஒரு பொய்ச் செய்தியும் போகவில்லை, இன்னொரு மழைக்காலமும் கடந்தாகிவிட்டது. திறந்து மூடியதில் பழைய சாரல் பாதுகாப்பும் இருக்காது என்பதால் மழையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்கிறேன். அவசர உதவியை மீண்டும் போட்டுவிட்டேன், அழுத்திப் பிடிக்கும் முறையில். பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கேமரா திறக்கும் வசதியை வேண்டுமென்றே ஆன் செய்து வைத்திருக்கிறேன். மறுபடி கசிவு வந்தால் அவசரச் செய்திக்கு முன்னால் கேமராதான் திறந்து எச்சரிக்கும். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்: இனி வந்தால் நிஜம், உடனே கூப்பிடு.

வீட்டுப் பெரியவர்களிடம் பட்டன் போன் இருந்தால் அதையும் பாருங்கள். அதே அரசு விதிப்படி அவற்றில் 5 அல்லது 9 எண்ணை நீளமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும். கீபேட் நனைந்து அந்த எண் ஒட்டிக்கொண்டிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கீபேடை மாற்றிய பிறகு போடுங்கள்.