மூக்குக்கு எந்த போலஸ்: ஜெல் ஷீட்டா, மெழுகா, பிஎல்ஏவா, சிலிகோனா?

மூக்கு, காது போன்ற மேடுபள்ளமான இடங்களில் வரும் தோல் புற்றுக்கு எங்கள் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இப்போது சிலிகோன் போலஸ்தான் (தோலின் மேல் வைக்கும் அடுக்கு) முதல் தேர்வு. நோயாளியின் சிடி ஸ்கேனை வைத்து ஒரு வார்ப்புக்கூடு வடிவமைத்து, அதை 3டி பிரிண்டரில் அச்சிட்டு, உள்ளே சிலிகோனை ஊற்றி எடுக்கிறோம். வேலை கூடுதல்தான். இருந்தும் பழைய முறைகளை விட்டு இதற்கு வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதற்கு வருகிறேன்.

போலஸ் எதற்கு என்று துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இரண்டு வரி. 6 எம்வி (மெகாவோல்ட்) எக்ஸ் கதிரின் உச்ச டோஸ் (கதிர்வீச்சு அளவு) தோலில் விழாது, ஏறத்தாழ 1.5 செ.மீ. ஆழத்தில்தான் விழும். கட்டி உள்ளே இருந்தால் அது நல்லது, தோல் தப்பிக்கும். கட்டியே தோலில் இருந்தால், திசுவை ஒத்த ஒரு பொருளை 5 மி.மீ. அல்லது 1 செ.மீ. கனத்தில் மேலே வைத்து அந்த உச்சத்தைத் தோலுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஜெல் ஷீட் எப்போதும் கையிருப்பில் இருக்கும். மார்புச் சுவர் மாதிரி பரந்து, மெல்ல வளையும் இடத்துக்கு அதுவே போதும். அங்கே பிரிண்டரைத் தேடிப் போவது வீண் வேலை. மெழுகு, செய்பவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது. மோல்டு ரூமில் (வார்ப்பு வேலை நடக்கும் அறை) தேர்ந்த ஆள் இருந்தால் அருமையாக அமையும். ஆனால் கனம் இடத்துக்கு இடம் மாறும். புண் உள்ள மூக்கில் இளஞ்சூட்டு மெழுகை வைத்து அழுத்த யாருக்கும் மனம் வராது.

சரி, அந்த ஒரு காரணம்: போலஸுக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும் காற்று. தோலில் டோஸ் சேர்ப்பவை போலஸிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள். இடையில் காற்று இருந்தால் அவற்றில் ஒரு பகுதி பக்கவாட்டில் சிதறிப் போய்விடும். பெரிய புலத்தில் (கதிர் படும் பரப்பு) ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியால் பெரிய பாதிப்பில்லை. மூக்கில் புலமும் சிறியது, கற்றையும் சாய்வாக விழும். இடைவெளி 5 மி.மீ. தாண்டினால் தோல் டோஸ் குறைவதை அலட்சியம் செய்ய முடியாது. மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள மடிப்பில் தட்டையான ஷீட் இறங்காது, பாலம் போல மேலேயே நிற்கும். கட்டியும் பல சமயம் அந்த மடிப்பில்தான் இருந்து தொலைக்கும்.

இடைவெளி இருப்பதைவிட, அது நாளுக்கு நாள் மாறுவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. திட்டமிடும் சிடியில் தெரிகிற இடைவெளியைக் கணினி கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்தத் திட்டத்தை வைத்து 25, 30 அமர்வுகள் சிகிச்சை போகும். திங்களன்று ஒரு டெக்னீசியன் ஷீட்டை வைப்பார், செவ்வாயன்று வேறொருவர். தலை அசையாமல் பிடிக்கும் முகமூடியை இறக்கும்போது ஷீட் கொஞ்சம் நகரும். மாறிக்கொண்டே இருக்கிற இடைவெளியை எந்த மென்பொருளும் கணக்கிடாது. அளவெடுத்துச் செய்த போலஸில் இந்தத் தொல்லை இல்லை. அது மூக்கில் ஒரே இடத்தில்தான் உட்காரும், மாற்றி வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் பிஎல்ஏவில் (3டி பிரிண்டரில் போடும் ஒரு பிளாஸ்டிக்) நேரடியாக அச்சிட்டால் போதாதா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ராத்திரி பிரிண்டரில் போட்டுவிட்டுப் போனால் காலையில் தயார். உள்நிரப்பு (அச்சின் உட்பகுதியை நிரப்பும் அளவு) நூறு சதவீதம் வைத்தாலும் உள்ளே காற்றுக்குழி இருக்கலாம், அதனால் அச்சிட்டதை ஒரு சிடி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். பிஎல்ஏ விறைப்பானது. ஸ்கேன் எடுத்த நாளின் முகத்துக்குத்தான் அது பொருந்தும். அறுவை செய்த இடத்தின் வீக்கம் வடியும், இரண்டு மூன்று வாரத்தில் கதிர்வீச்சால் தோல் சிவந்து வீங்கும், சாப்பிட முடியாதவருக்குக் கன்னம் ஒட்டும். அப்போது விறைத்த போலஸ் ஒரு பக்கம் புண்ணை அழுத்தும், மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். எந்த இடைவெளியை ஒழிக்க இவ்வளவு பாடுபட்டோமோ அது திரும்ப வந்துவிடும். சிலிகோன் முகத்தோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். ஓரம் கிழிந்தால் அதே கூட்டில் இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம்.

சிலிகோனிலும் வம்பு உண்டு. கலக்கும்போது குமிழி சேரும், வெற்றிடப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். லேடெக்ஸ் கையுறையோடு தொட்டால் பிளாட்டினம் வகை சிலிகோன் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடக்கூடும், அதனால் நைட்ரைல் கையுறைதான். சில ரெசின் பிரிண்டர்களில் செய்த கூடும் இதே வேலையைக் காட்டும். இன்னொன்று, அதிலுள்ள சிலிக்கான் அணுக்களால் சிடி எண் (ஸ்கேனில் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) கூடுதலாகத் தெரியும். அதை அப்படியே நம்பினால் கணினி அடர்த்தியை அதிகமாக எடுத்துக்கொள்ளும். திட்டத்தில் அடர்த்தியைக் கையால் மாற்றிக் கொடுக்க வேண்டும். முகமூடியையும் யோசிக்க வேண்டும். அதை முதல் நாளே செய்துவிடுவதால் பின்னால் வரும் போலஸுக்கு உள்ளே இடம் இருக்காது. நாங்கள் மூக்குப் பகுதியை வெட்டித் திறந்துவிட்டு, போலஸோடு மறுபடி ஒரு சிடி எடுத்து அதன் மேல் கணக்கிடுகிறோம்.

எக்ஸ் கதிருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் சிகிச்சையில் எங்களுக்குப் பழக்கம் குறைவு. கனத்தை இடத்துக்கு இடம் மாற்றி ஆழத்தைச் செதுக்கும் போலஸுக்கு, வடிவம் மாறாத பிஎல்ஏவே மேலாக இருக்கலாம், அதை அதிகம் செய்தவர்களைக் கேளுங்கள். வலி குறைக்கத் தரும் நாலைந்து அமர்வுச் சிகிச்சைக்கு வார்ப்புக்காக நோயாளியைக் காக்க வைப்பது நியாயமில்லை. அங்கே ஜெல் ஷீட், மடிப்பு இருந்தால் அதை நிரப்ப ஈரத் துணி, அன்றே ஆரம்பித்துவிடலாம்.

பிரிண்டர் இருக்கிறது, வார்க்க வசதியில்லை என்பவர்கள் பிஎல்ஏவிலேயே செய்யலாம். கோன் பீம் சிடியில் (சிகிச்சை இயந்திரத்திலேயே எடுக்கும் ஸ்கேன்) போலஸுக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு, அதாவது காற்று, தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள், முக்கியமாகத் தோல் சிவக்க ஆரம்பித்த பிறகு.