ஊசி போடக் கற்றுக்கொண்ட வருடங்கள்

கல்யாணமாகி மூன்றாம் வருடம் குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போக ஆரம்பித்தோம். இது ஒன்பதாவது வருடம். இரண்டு ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), மூன்று முறை வெளியே உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைத்தது. மருந்து, செலவு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது வீட்டுக்குள் நடந்ததைப் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை என்னிடம். ஒரு மில்லிலிட்டருக்கு குறைந்தது 16 மில்லியன் விந்தணு இருக்க வேண்டிய இடத்தில் என் ரிப்போர்ட்டில் 4 மில்லியன். ஆனாலும் ஊசி, ஸ்கேன், மயக்க மருந்து எல்லாம் அவளுக்கு. நான் செய்தது, ஒரு சின்ன டப்பாவோடு பூட்டிய அறைக்குள் போய் வந்தது. வெளியே வரும்போது நர்ஸ் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வெட்கத்தில் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. இரண்டு வருடம் "உனக்கு என்னம்மா பிரச்சினைன்னு டாக்டர் சொல்றாங்க?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "பாக்குறாங்க அத்தை" என்று அவள் சமாளித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தேன்.

முட்டை எடுப்பதற்கு முன் போடுகிற ஊசியில் நேரம் தவறக்கூடாது. சுமார் 36 மணி நேரம் கழித்து முட்டை எடுப்பார்கள். கரு வைத்தபின் அது தங்குவதற்காகத் தினமும் எண்ணெயில் கலந்த மருந்து ஊசி. அதைப் போட நானே கற்றுக்கொண்டேன். பாட்டிலை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினால் கெட்டியான மருந்து கொஞ்சம் சுலபமாக இறங்கும். அப்படியும் ஒரு வாரத்தில் இடுப்புக்குக் கீழே கட்டி கட்டியாக வீங்கிவிடும். இன்று வலப்பக்கமா இடப்பக்கமா என்று காலண்டரில் குறித்து வைப்போம். காலி ஊசிகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்தோம். சண்டை போட்ட நாளிலும் ராத்திரி ஒன்பதுக்கு அவள் திரும்பிப் படுப்பாள், நான் ஊசி போடுவேன். அந்த வருடங்களில் எங்களைச் சேர்த்துவைத்தது அந்த ஒன்பது மணிதான் என்று இப்போது தோன்றுகிறது.

ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் இரண்டு வாரம் தனி நரகம். பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். இரண்டாவது முறை பீட்டா எச்சிஜி (கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன்) பாசிட்டிவ் வந்தது. இரண்டு நாளில் அதன் அளவு பாதியாகக் குறைந்தது. போனில் சொன்னவர் அடுத்த சைக்கிள் (சிகிச்சைச் சுற்று) எப்போது என்று அதே மூச்சில் கேட்டார். அவள் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு வந்த ஆறுதல்கள் இன்னும் மோசம். "டென்ஷன் ஆனா நிக்காதும்மா, மனசை லேசா வச்சுக்கோ." சொன்னவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவள் அழுததால்தான் கரு நிற்கவில்லை என்று அவளே நம்ப ஆரம்பித்தாள். 2011ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் வந்தது. சிகிச்சைக்கு முந்தைய மன உளைச்சல் அந்தச் சைக்கிளின் முடிவை மாற்றுவதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. அழுவதால் கரு போவதில்லை என்று இவ்வளவு வருடத்தில் ஒரு டாக்டராவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி தம்பதிக்கு முறையான ஆலோசனை தருவது மருத்துவமனையின் கடமை. எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம், அதிலும் பாதி பேக்கேஜ் விவரம். அப்புறம் வெளியில் ஒரு ஆலோசகரைத் தேடிப் போனோம். அவர் சொன்னதில் உருப்படியாக நின்றது ஒன்று: இந்தச் சிகிச்சைப் பேச்சு ராத்திரி இருபது நிமிடம் மட்டும், மீதி நேரம் கிடையாது. முதல் வாரம் அபத்தமாக இருந்தது. பிறகு ஒருநாள் மீன்குழம்பில் புளி அதிகம் என்று சண்டை போட்டோம். எவ்வளவு நாளாயிற்று அப்படி ஒரு சாதாரணச் சண்டை!

அந்த இருபது நிமிடம் ஒன்றில்தான், அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றேன். சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் என் தங்கை வளைகாப்பில், யாரோ தயங்குவதற்குள் "முதல்ல நீ வந்து வளையல் போடு" என்று அவளைக் கூப்பிட்டார். அவள் போட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள், அது வேறு.

மூன்றாவது முறையும் நிற்கவில்லை. உறைநிலையில் இரண்டு கரு இன்னும் இருக்கிறது. பத்து வருடம் வரை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வருடாவருடம் கட்டணம் கட்டச் சொல்லி மெசேஜ் வரும். போன மாதமும் வந்தது. வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் பேசவில்லை. நான் கட்டப் போனபோது, ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று காட்டியது.