தனியுரிமைக் கொள்கை: நகலா, டெம்ப்ளேட்டா, சொந்த எழுத்தா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தங்கும் விடுதி நடத்துவோரும், தேயிலைத் தூளும் தைலமும் கூரியரில் அனுப்புவோரும் புதிதாக இணையதளம் தொடங்கும்போது, படங்களையும் விலைப்பட்டியலையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, வாடிக்கையாளரின் தரவை எப்படிக் கையாள்கிறோம் என்று சொல்லும் தனியுரிமைக் கொள்கை, பயன்பாட்டு விதிமுறைகள் ஆகிய சட்டப் பக்கங்களைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்போது மூன்று வழிகள் எதிரே நிற்கின்றன: பெரிய தளத்திலிருந்து நகலெடுப்பது, இலவச டெம்ப்ளேட்டை நிரப்புவது, சொந்தமாக எழுதுவது.

நகலெடுப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். தளம் அமைத்துத் தரும் என் தொழிலில், ஒரு தேயிலைக் கடையின் பக்கத்தைச் சரிபார்த்தபோது, வழக்கு எழுந்தால் கலிபோர்னியா நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும் என்ற வரி அதில் இருந்தது. ஆர்டர் படிவத்தில் வாங்கும் கைபேசி எண் கூரியர்காரருக்குப் போகிறது என்பதோ எங்கும் இல்லை. நடக்காததைச் சொல்லி, நடப்பதை மறைக்கும் பக்கம் உரிமையாளருக்கு எதிரான சான்றாகவே முடியும். பிறர் எழுத்தை எடுத்தாள்வது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் சிக்கலையும் கூட்டும்.

டெம்ப்ளேட் அதைவிட மேல். ஆனால், பல டெம்ப்ளேட்டுகள் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த விதிமுறை தரவைக் கையாள ஆறு அடிப்படைகளைத் தருகிறது. ‘எங்கள் நியாயமான நலன்’ (legitimate interest) என்பது அவற்றில் ஒன்று. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு பொதுவான வாசல் கிடையாது. ஒப்புதல் வேண்டும், அல்லது சட்டமே பட்டியலிட்ட பயன்பாடாக இருக்க வேண்டும். ஆகவே, டெம்ப்ளேட்டில் ‘நியாயமான நலன்’ என்ற தொடரைக் கண்டால் நீக்கிவிடுங்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவர் உங்கள் தளத்தைப் பார்த்தார் என்பதற்காக மட்டும் ஐரோப்பிய விதிமுறை உங்கள்மீது பாயாது. யூரோவில் விலை போட்டு அங்குள்ளவர்களுக்கே விற்க முனைந்தால் கதை வேறு.

சொந்தமாக எழுதுவதே என் தேர்வு. முன்பதிவுப் படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு, பெயர், கைபேசி எண், அடையாள அட்டை நகல் என ஒவ்வொன்றுக்கும் எதற்காக வாங்குகிறோம், யாரிடம் கொடுக்கிறோம், எப்போது அழிப்போம் என்று எழுதுங்கள். விருந்தினரின் ஆதார் படம் வரவேற்பாளரின் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் கிடப்பது அப்போதுதான் கண்ணில் படும். எந்தத் தரவு, என்ன நோக்கம், உரிமைகளை எப்படிப் பயன்படுத்துவது, தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் எப்படி முறையிடுவது ஆகியவை அறிவிப்பில் இருக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுச் சட்டம். அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும் என்பதால், தமிழில் எழுதுவது கூடுதல் வேலை அன்று. ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் அதைக் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும். 2025 நவம்பரில் இந்தச் சட்டத்துக்கான விதிகள் வெளியாகி, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கிடைத்திருக்கிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்; அது உச்சவரம்பு, தவற்றின் தன்மையைப் பார்த்தே தொகை முடிவாகும்.

பயன்பாட்டு விதிமுறைகளுக்கு மட்டும் டெம்ப்ளேட் போதும், இரண்டு திருத்தங்களுடன். ஐப்பசி மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடப்பட்டால் முன்பணம் திரும்புமா என்பதை எந்த டெம்ப்ளேட்டும் சொல்லாது. நீங்கள்தான் எழுத வேண்டும். இணையத்தில் பொருள் விற்பவராயின், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு எண்ணும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த எண்ணுக்கு அழைத்தால் எடுப்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பதைத் தளம் வெளியாகும் முன் ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.