தட்டான் பாக்க ஒரு பைனாகுலர்: ஜக்கூர் ஏரியில இருந்து சாம்பேசி வரைக்கும்

எட்டு மாசமா பென்டாக்ஸ் பாப்பிலியோ யூஸ் பண்றேன், 6.5 மடங்கு, 21 மி.மீ. லென்ஸ். பறவைக்கு இல்லங்க, தட்டானுக்கு. சாதா பைனாகுலர்ல பக்கத்துல இருக்கறது எல்லாம் மங்கலா போயிடும், இதுல 50 செ.மீ. தூரத்துல, அதாவது கை நீட்டுனா தொட்டுடலாம்ங்கிற தூரத்துல உக்காந்திருந்தாலும் றெக்கை நரம்பு வரைக்கும் தெரியுது. அம்மா வாங்கி பாத்துட்டு "சின்ன வயசுல வால்ல நூல் கட்டி விட்டதுக்கு இப்ப பரிகாரமாடா"ன்னாங்க.

முதல்ல பெங்களூர் ஜக்கூர் ஏரி தான். அங்க செடி நுனியில உக்காருற ரோஸ் கலந்த செவப்பு தட்டான், அறிவியல் பேரு ட்ரைதெமிஸ் அரோரா (ட்ரைதெமிஸ்ங்கறது குடும்பப் பேரு மாதிரி, அரோரா அதுல ஒரு வகை), ஒரு மாசம் அதையே பாத்து கண்ணு பழகிடுச்சு.

அப்புறம் ஆபீஸ் வேலையா சாம்பியா போனப்ப லிவிங்ஸ்டன்ல ரெண்டு நாள் லீவு போட்டேன். எல்லாரும் 108 மீட்டர் உயர விக்டோரியா அருவிய பாக்க, நான் அருவிக்கு மேல சாம்பேசி ஆத்து கரையில குனிஞ்சு நிக்கிறேன். அங்கயும் ட்ரைதெமிஸ் கூட்டம் தான், அரோரா மட்டும் கிடையாது, அது ஆசியாக்காரன். ஆண்கள்ல ரெண்டு செவப்பு இருந்துச்சு, போட்டோல பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும். பைனாகுலர்ல பாத்தா ஒண்ணுக்கு பின் றெக்கை உடம்போட சேருற இடத்துல பெருசா ஆரஞ்சு திட்டு, இன்னொண்ணுக்கு திட்டு சின்னது, ஆனா வால் நுனி பக்கம் கறுப்பு. முதலாவது கிர்பியி, ரெண்டாவது ஆர்ட்டீரியோசா. உக்காருற இடமே பாதி சொல்லிடுது, கிர்பியி வெயில்ல கொதிக்கிற மொட்டை பாறை மேல, ஆர்ட்டீரியோசா கோரை, குச்சி நுனியில. இதுல காமெடி என்னன்னா கிர்பியி நம்ம ஊர் பாறை ஓடைகள்லயும் இருக்கு, அதுக்கு போய் ஆப்பிரிக்கா வரைக்கும் டிக்கெட்! பொண்ணுங்க மஞ்சள் பிரவுனா இருக்கும், அதுங்கள பிரிக்க எனக்கு இன்னும் தைரியம் வரல.

குறைன்னா, லென்ஸ் சின்னது, சாயங்காலம் இருட்ட ஆரம்பிச்சா படம் மங்கிடும், அந்நேரத்துக்கு தட்டானும் ஒதுங்கிடும்ங்கறதால எனக்கு பிரச்சனை இல்ல. வாட்டர்ப்ரூஃப் கிடையாது, அதனால அருவி சாரல்ல பிளாஸ்டிக் கவர்லயே வெச்சிருந்தேன். ஐஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

ஒரு மார்க் போனது எதுக்குன்னா, தண்ணி பாறையில மோதி நுரைக்கிற இடத்துல கருப்பா பெரிய தட்டான் ஒண்ணு போறதும் வர்றதுமா ஒரு மணி நேரமா பறந்துச்சு, உக்காரவே இல்ல. அந்த மாதிரி வேகமான தண்ணிக்கு மேலயே சுத்துறது சைகோனிக்ஸ் வகை, அதோட குஞ்சு கூட அந்த இழுப்புல பாறைய புடிச்சிட்டு தான் வளரும். இவ்வளவு பக்கத்துல ஃபோகஸ் ஆகுற பைனாகுலர வெச்சுக்கிட்டு பறக்குறத துரத்த முடியல. எந்த ஸ்பீஷீஸ்ங்கற இடம் நோட்டுல இன்னும் காலியா தான் இருக்கு.