சிஓ, எச்சிஎன், தூசி: ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸியின் வாயுவை எந்தத் தராசில் நிறுப்பது?

என்ஜிசி 253, எம் 82 இரண்டும் ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸிகள், அதாவது விண்மீன்கள் மிக வேகமாகப் பிறக்கும் கேலக்ஸிகள். இவை நம்மிடமிருந்து சுமார் 1.14 கோடி ஒளியாண்டு தொலைவில், அதாவது 3.5 மெகாபார்செக்கில் உள்ளன. என்ஜிசி 253-இன் மையத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சூரிய நிறை அளவுக்கு விண்மீன்கள் பிறக்கின்றன. அதற்கு மூலப்பொருளான வாயு எவ்வளவு இருக்கிறது, எத்தனை காலத்துக்கு வரும் என்று கேட்டால்தான் சிக்கல். அந்த வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறு. அது குளிரில் ஒளிர்வதே இல்லை. அதைத் தட்டி எழுப்பவே 510 கெல்வினுக்கு இணையான ஆற்றல் வேண்டும். மேகத்தின் பெரும்பகுதியின் வெப்பநிலையோ அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எனவே ஹைட்ரஜனோடு கலந்திருக்கும் வேறொன்றை அளந்து கணக்குப் போட வேண்டும். அதற்குப் போட்டியாளர்கள் மூன்று பேர்: கார்பன் மோனாக்சைடு (சிஓ), ஹைட்ரஜன் சயனைடு (எச்சிஎன்), தூசி.

சிஓ: மலிவு, ஆனால் படிக்கல்லில் சந்தேகம்

கார்பன் மோனாக்சைடின் அடிப்படைக் கோடு (அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் உமிழும் ரேடியோ ஒளி) 115.27 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. பிரகாசமானது, குறைந்த நேரத்தில் கிடைத்துவிடும். கோட்டின் ஒளிர்வை (கெல்வின் × நொடிக்கு கி.மீ. × சதுர பார்செக் என்ற அலகில்) 4.3-ஆல் பெருக்கினால் சூரிய நிறையில் வாயுவின் எடை வரும். ஹீலியமும் அதில் அடக்கம். பால்வெளியின் வட்டுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

ஸ்டார்பர்ஸ்ட் மையத்தில் பொருந்தாது. அங்கே வாயு சூடானது. மேகங்கள் தனித்தனி உருண்டைகளாக இல்லாமல் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கின்றன. அங்குள்ள விண்மீன்களின் ஈர்ப்பும் சேர்ந்து கோட்டை அகலமாக்குகிறது. சிஓ தன் ஒளியைத் தானே மறைக்கும் வகை என்பதால், கோடு அகலமானால் ஒரே நிறையுள்ள வாயு கூடுதலாக ஒளிரும். அதனால் மிகத் தீவிரமான கேலக்ஸிகளுக்கு 4.3-க்குப் பதில் 0.8 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 பார்செக் ஆரமுள்ள ஒரு மேகத்தின் சிஓ ஒளிர்வு ஒரு கோடி அலகு என்று வையுங்கள். முதல் எண்ணால் எடை 4.3 கோடி சூரிய நிறை, இரண்டாவதால் 80 லட்சம். ஒரே தரவில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். வாயு 10 கோடி ஆண்டு தாங்கும் என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் 2 கோடிகூடத் தாங்காது என்பார்.

நடுவராக ஈர்ப்புச் சமநிலைக் கணக்கைக் கூப்பிடலாம்: 5 × திசைவேகச் சிதறலின் வர்க்கம் × ஆரம் ÷ 0.0043 (இந்த அலகுகளில் ஈர்ப்பு மாறிலி). சிதறல் என்பது வாயுவின் வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவுகிறது என்ற அளவு. அது நொடிக்கு 25 கி.மீ. என்றால் விடை சுமார் 1.1 கோடி, அதாவது சிறிய எண் பக்கம். ஆனால் சிதறலுக்குப் பதிலாகக் கோட்டின் அரை உயர அகலத்தைப் போட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அகலம் சிதறலைப் போல 2.355 மடங்கு, வர்க்கமானால் 5.5. விடை 6 கோடிக்குத் தாவிவிடும். 4.3, 0.8 என்ற இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசமும் ஏறத்தாழ இதே அளவு என்பதுதான் வம்பு: பிழையான கணக்கு 4.3-க்குச் சாட்சி சொல்வதுபோல் தோன்றும்.

கார்பன்-13 உள்ள சிஓ-வின் கோடு, அதாவது 13-சிஓ (110.20 ஜிகாஹெர்ட்ஸ்), தன்னை மறைத்துக்கொள்வது குறைவு. ஆனால் கார்பன்-12, கார்பன்-13 விகிதத்தை 40 என்பதா 80 என்பதா என்பதில் எடை இரட்டிப்பாகும்.

எச்சிஎன்: அடர்த்தியின் சாட்சி, ஆனால் தராசு அல்ல

ஹைட்ரஜன் சயனைடு 88.63 ஜிகாஹெர்ட்ஸில் ஒளிர்கிறது. அதன் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறின் இரு முனைகளில் மின்னூட்டம் பிரிந்திருக்கும் அளவு) 2.98 டிபை, சிஓ-வுக்கு வெறும் 0.11. அதனால் பெற்ற ஆற்றலை எச்சிஎன் உடனே உமிழ்ந்துவிடும். அதைத் தொடர்ந்து ஒளிரச் செய்ய ஓயாத மோதல் வேண்டும், அதற்கு அடர்த்தி வேண்டும். சிஓ-வுக்கு ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2,000 மூலக்கூறு போதும் என்றால் எச்சிஎன்னுக்குப் பாடநூல் சொல்வது சில லட்சம்.

2004-இல் யூ காவ், பிலிப் சாலமன் இருவரும் 65 கேலக்ஸிகளில் அகச்சிவப்பு ஒளிர்வும் எச்சிஎன் ஒளிர்வும் நேர்விகிதத்தில் ஏறுவதைக் காட்டினார்கள். விண்மீன் பிறப்பது அடர் வாயுவில்தான், அதை எச்சிஎன் நேராக அளக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்து வேரூன்றியது.

அந்த இரண்டாவது பாதியை அப்படியே விழுங்க முடியாது. நம் வீட்டு வாசலில் இருக்கும் ஓரியன் ஏ மேகத்தை வரைபடமாக்கி 2017-இல் வெளியான ஆய்வு, எச்சிஎன் ஒளியில் பெரும்பகுதி கன செ.மீ.க்கு ஆயிரத்துக்கும் குறைவான அடர்த்தியிலிருந்து வருவதைக் காட்டியது. ஸ்டார்பர்ஸ்ட் மையத்தில் இன்னும் மோசம். 14 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியும் எலக்ட்ரான்களும்கூட எச்சிஎன்னைத் தூண்டும். எம் 82-இல் எச்சிஓ+ என்ற அயனி மூலக்கூறின் கோடு (89.19 ஜிகாஹெர்ட்ஸ்) எச்சிஎன்னை மிஞ்சுகிறது, என்ஜிசி 253-இன் மையத்தில் அப்படி இல்லை. இரண்டுமே அடர் வாயுவைக் காட்டும் கோடுகள் என்று பெயரெடுத்தவை. அப்படியிருந்தும் கேலக்ஸிக்குக் கேலக்ஸி விகிதம் புரள்கிறது என்றால், அடர்த்தியோடு புற ஊதா ஒளியும் வேதியியலும் அதில் கலந்திருக்கின்றன. ஆகவே எச்சிஎன்னை நிறை காண்பதற்கல்ல, ஒரே கேலக்ஸிக்குள் இடத்துக்கு இடம் ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

செலவையும் மறக்கக் கூடாது. கோடு சிஓ-வை விடப் பத்து மடங்கு மங்கல் என்றால், அதே தரத்துக்கு நூறு மடங்கு நேரம் ஆகும்.

தூசி: நேர்மையானது, வெப்பநிலை தெரிந்தால்

350 ஜிகாஹெர்ட்ஸில் தூசியின் ஒளியை அளந்து, வாயுவுக்கும் தூசிக்கும் 100 என்ற விகிதத்தைப் போடலாம். தூசி தன்னைத்தான் மறைப்பது இங்கே அரிது. 2 பார்செக் நுணுக்கத்தில் என்ஜிசி 253-இல் கருவிலிருக்கும் பெருங்கொத்துகளை எடைபோட 2018-இல் கைகொடுத்ததும் சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி வரிசை எடுத்த தூசிப் படம்தான்.

ஆனால் 20 கெல்வின் என்று வைத்த இடத்தில் தூசி உண்மையில் 40 கெல்வின் என்றால், எடையை 2.5 மடங்கு கூட்டிச் சொல்லியிருப்பீர்கள். அதோடு 345.80 (சிஓ), 354.51 (எச்சிஎன்), 356.73 (எச்சிஓ+) ஜிகாஹெர்ட்ஸ் கோடுகளை வெட்டியெடுத்த பிறகே பின்னணி ஒளியைக் கணக்கிட வேண்டும். கேலக்ஸியின் விலகு வேகத்தால் இவை சுமார் 0.3 ஜிகாஹெர்ட்ஸ் கீழே தள்ளி இருக்கும். ஆய்வக எண்ணை வைத்து வெட்டினால் தவறான இடத்தில் கத்தி விழும். 100 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் தூசியைத் தேடவே வேண்டாம், அங்கே வருவது பெரும்பாலும் அயனி வாயுவின் ஒளி. விண்மீன் பிறப்பு வீதம் காண அது நல்ல சரக்கு, எடைக்கு உதவாது.

எதை எங்கே

என்ஜிசி 253-க்கு நிறை வேண்டுமானால் முதலில் தூசி, சரிபார்க்க 13-சிஓ. வாயுவின் ஓட்டத்துக்கும் வெளியேறும் காற்றுக்கும் சிஓ. எம் 82-க்கு இந்தத் தேர்வு சுருங்கிவிடும். வடக்கே 69.7 பாகையில் இருக்கும் அது சிலியின் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. எனவே ஆல்மா கிடையாது. பெரும்பாலும் பிரான்சில் உள்ள நோயேமா ரேடியோ தொலைநோக்கி வரிசையின் 12 டிஷ்களும் ஸ்பெயினில் உள்ள 30 மீட்டர் தொலைநோக்கியும்தான் கதி. அந்த 30 மீட்டர் தரவைச் சேர்க்காமல் விடாதீர்கள். டிஷ் வரிசை பரந்து கிடக்கும் ஒளியைத் தவறவிடும். சிஓ-வில் அப்படிப் பரந்த பகுதி அதிகம், எச்சிஎன்னில் குறைவு. இழப்பு ஒருபக்கமாக விழுவதால் எச்சிஎன்/சிஓ விகிதம் பொய்யாக ஏறும்.

விகிதம் எடுக்கும்போது இரண்டு படங்களையும் ஒரே கற்றை அளவுக்கு (தொலைநோக்கி பிரித்தறியும் மிகச் சிறிய புள்ளியின் அளவு) மங்கலாக்கி, ஒளியின் அளவைக் கெல்வினுக்கு மாற்றிய பிறகே வகுக்க வேண்டும். ஜான்ஸ்கி என்ற ரேடியோ ஒளி அலகிலேயே வகுத்திருந்தால் விடையை 1.69-ஆல், அதாவது 115.27-க்கும் 88.63-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால், பெருக்கிக்கொள்ளுங்கள்.