விரல்கள் வெளுக்கும்போது எதை நம்புவது? தைராய்டு மாத்திரை, ரத்தக்குழாய் மாத்திரை, கம்பளி: ஓர் அலசல்

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு பொருளைத் தேடி எடுப்பதற்குள் என் வலக்கை நடுவிரலும் மோதிர விரலும் வெளுத்துவிடும். இரண்டாவது கணுவில் கோடு கிழித்ததுபோல் அதற்கு மேலே மெழுகு நிறம், கீழே வழக்கமான தோல். சட்டைப் பொத்தானைக் கூடப் போட முடியாமல் விரல் மரத்துக் கிடக்கும். கால் மணி நேரம் கழித்து நீலம் பாய்ந்து, பிறகு சிவந்து, சுரீரென்ற வலியோடு உயிர் திரும்பும்.

11 ஆண்டுகளாகத் தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். அதனால் இந்த விரல் சமாச்சாரத்தை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "தைராய்டு இருக்கிறதல்லவா, கை கால் சில்லென்றுதான் இருக்கும்." நானும் பல ஆண்டுகள் அதை நம்பினேன். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் உயரும், அதைத் தூண்டும் ஹார்மோன்) சரியான அளவுக்கு வந்த பிறகும் விரல்கள் வெளுத்துக்கொண்டே இருந்தபோதுதான் சந்தேகம் பிறந்தது.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. தைராய்டு மாத்திரையின் அளவைச் சரிசெய்வது ஒன்று. ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை எடுப்பது இன்னொன்று. மாத்திரைக்குப் போகாமல் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் பழக்கங்கள் மூன்றாவது. இவற்றில் எது மேல் என்று கேட்பதற்கு முன், நம் கைக்கும் காலுக்கும் வந்திருப்பது எந்தக் குளிர் என்று தெரிந்தாக வேண்டும்.

நான்கு வகைத் தொல்லைகள்

தைராய்டு குறைவதால் வரும் குளிர் உடல் முழுவதற்கும் உரியது. உடல் வெப்பத்தை உண்டாக்கும் வேகம் தணிந்துவிடுகிறது. இருக்கிற சூட்டைக் காப்பாற்றத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இதயமும் மெதுவாகவே ரத்தத்தை அனுப்புகிறது. எனவே கையும் காலும் நாள் முழுவதும் சில்லென்று இருக்கும். மற்றவர்கள் மின்விசிறி கேட்கும்போது நாம் போர்வை கேட்போம். தோல் வறண்டு வெளிறியிருக்கும். ஆனால் விரலில் கோடு போட்டதுபோன்ற எல்லை தெரியாது.

அந்த எல்லை தெரிந்தால் அது ரேனாட் நிலை. பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனாட் 1862இல் தம் ஆய்வேட்டில் விவரித்தது. குளிரோ மன அழுத்தமோ தொட்டவுடன் விரல்களின் சிறு தமனிகள் அளவுக்கு மீறி இறுகுகின்றன. தாக்குதலாக வரும், போகும். இடையில் கை சாதாரணமாகவே இருக்கும்.

மூன்றாவது, காலுக்குப் போகும் பெரிய தமனிகளில் கொழுப்புப் படிந்து அடைபடுவது. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து வலிக்கும், நின்றால் விடும். ஒரு கால் மற்றதைவிடக் குளிர்ந்திருக்கும். பாதத்தில் பட்ட சிறு காயம் ஆறாமல் நிற்கும். சிகிச்சை பெறாத தைராய்டு குறைபாடு ரத்தத்தில் கெட்ட கொழுப்பை உயர்த்தும் என்பதால் நமக்கு இது அந்நியமான நோயன்று. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனை உண்டு, விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது ரத்த ஓட்டமே இல்லை, நரம்பு. தைராய்டு குறைபாட்டில் மணிக்கட்டுக்குள் திசுக்கள் வீங்கி நரம்பை நெருக்குவதுண்டு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து எழுப்பும். பி12 வைட்டமின் குறைந்தாலும் பாதம் எரியும், மதமதக்கும். இவற்றுக்குக் கம்பளி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது காலத்தை வீணாக்குவது.

தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினால்?

முதல் வகைக் குளிருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. டிஎஸ்ஹெச் உயர்ந்திருக்கிறது, உடல் முழுவதும் குளிர்கிறது, மலச்சிக்கலும் சோர்வும் சேர்ந்திருக்கின்றன என்றால் வேறு எந்த வழியையும் ஒப்பிடவே தேவையில்லை. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினின் அளவை மருத்துவர் சரிசெய்தால் கை கால் தானாகச் சூடுபிடிக்கும். பொறுமைதான் வேண்டும். இந்த மருந்தின் அரை ஆயுட்காலம், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 7 நாட்கள். அளவை மாற்றினால் உடலில் அது நிலைபெற வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். பத்தாம் நாளில் "கை இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது" என்று மனம் தளர வேண்டாம்.

அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். விழுங்கும் மாத்திரை உடலில் சேர்கிறதா? வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியும் உணவும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி. எனக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் காரணமின்றி ஏறியது. விசாரித்தால், ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையை மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று இதோடு சேர்த்தே விழுங்கிவந்திருக்கிறேன். நேரத்தைப் பிரித்தேன், அளவைக் கூட்டாமலேயே சரியானது. தலைமுடிக்காகப் பலர் எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் வேறு சிக்கல் செய்யும்: தைராய்டு பரிசோதனை முடிவையே பிறழக் காட்டும். பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாட்களாவது அதை நிறுத்த வேண்டும்.

டிஎஸ்ஹெச் ஏற்கெனவே சரியாக இருக்கும்போது, கை சூடாகட்டும் என்று அளவை ஏற்றுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: கூடாது. நானும் அப்படிக் கேட்டவன்தான். மருத்துவர் மறுத்தபோது வருத்தப்பட்டேன். இன்று நன்றியோடு நினைக்கிறேன். தேவைக்கு மீறிய தைராய்டு ஹார்மோன் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பைத் தேய்க்கும், முக்கியமாக வயதானவர்களுக்கு. அப்படி வாங்கிய சூடும் ரேனாட் தாக்குதலை நிறுத்தும் என்று உறுதி கிடையாது. டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்கும் இதே பதில்தான். அது வேகமாக ஏறி வேகமாக இறங்கும் மருந்து, படபடப்பைத் தரும். விரல் வெளுப்பதை மட்டும் காரணமாகக் காட்டி அதைக் கேட்க வேண்டாம்.

ரத்தக்குழாய் மாத்திரையைச் சேர்த்தால்?

ரேனாட் தாக்குதலுக்கு முதலில் எழுதித்தருவது நீண்ட நேரம் வேலை செய்யும் நிஃபெடிபின் அல்லது அம்லோடிபின். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அதே மாத்திரைகள்தான். சிறு தமனிகளின் தசையைத் தளர்த்துகின்றன. தைராய்டு மாத்திரையைப் போல வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. குளிர் மாதங்களில் மட்டும் எடுத்துவிட்டு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நிறுத்தவும் செய்யலாம். தாக்குதல் அடிக்கடி வருவதும் கடுமையாக வருவதும் குறையும். அடியோடு மறைவது அரிது.

விலையும் உண்டு. தலைவலி, முகம் சிவப்பது, எழுந்து நின்றால் தலைசுற்றல், கணுக்கால் வீக்கம். நம்மைப் போன்றவர்களுக்குக் கணுக்கால் வீக்கம்தான் குழப்பம். முகமும் காலும் உப்பியிருப்பது தைராய்டு குறைவின் அடையாளமும் கூட. இந்த மாத்திரை தொடங்கிய பிறகு கால் வீங்கினால், தைராய்டு கெட்டுவிட்டதோ என்று பதறாமல் முதலில் மாத்திரையைச் சந்தேகிக்கலாம். மாத்திரை தொடங்கும் முன் தைராய்டு அளவைப் பார்த்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதியாகக் குறையும்.

விரல் வெளுத்து, புண்ணின்றி, அரை மணிக்குள் மீள்கிறது, அன்றாட வேலை நிற்கவில்லை என்றால் எனக்கு இந்த மாத்திரை வேண்டாம். விரல் நுனியில் புண் வந்துவிட்டால் என் கருத்து தலைகீழாக மாறும். அப்போது மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. இவை கேட்காதபோது சில்டெனாஃபில் போன்றவற்றையும் சிறப்பு மருத்துவர்கள் தருகிறார்கள்.

புதிய மாத்திரை சேர்ப்பதற்கு முன் பழைய மாத்திரைகளைப் பார்ப்பது மேல். படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் கை கால் குளிர்வதைக் கூட்டும். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கிக் குறைபாட்டை உண்டாக்கும் ஹாஷிமோட்டோ நோயில் தொடக்கத்தில் ஹார்மோன் சில காலம் அதிகமாகக் கசிந்து படபடப்பு வருவதுண்டு. அப்போது தந்த புரோப்ரனலால், தைராய்டு குறைந்த பிறகும் மருந்துச்சீட்டில் தொடர்ந்துகொண்டிருக்கலாம். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் ஆகியவையும் தமனியை இறுக்குபவை. ஆனால் பீட்டா தடுப்பானை மட்டும் தாமாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, இதயத்துக்குக் கெடுதல்.

கம்பளியும் கையுறையும்

இங்கேதான் நான் அதிகமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறேன், அதிகமாகத் தவறும் செய்திருக்கிறேன்.

பெரிய தவறு, கையை மட்டும் மூடிக்கொண்டது. விரல்களில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்குவழிகள் இருக்கின்றன. உடலின் நடுப்பகுதியில் சூடு மிச்சமிருந்தால்தான் அவை திறந்து விரலுக்கு ரத்தத்தைத் தாராளமாக விடுகின்றன. மார்பும் வயிறும் குளிர்ந்திருந்தால் எவ்வளவு தடித்த கையுறையும் ஏற்கெனவே குளிர்ந்த விரலைக் குளிராகவே பொதிந்து வைக்கும். எனவே கையுறையா, உள்ளே போடும் கம்பளிச் சட்டையா என்றால், முதலில் சட்டை. தைராய்டு குறைபாட்டில் உடல் சூட்டை உண்டாக்குவதே மந்தம் என்பதால் நமக்கு இது இரு மடங்கு உண்மை. வெளியே போகும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். விரல் வெளுத்த பிறகு போடுவது வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுவது.

ஐந்து விரலையும் தனித்தனியே பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒரே பைக்குள் இருக்கும் கையுறை சூட்டை நன்றாகக் காக்கும். ஆனால் எந்த வேலைக்கும் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றிய நொடியில் தாக்குதல் தொடங்கும். அதனால் உள்ளே மெல்லிய விரல் கையுறை, மேலே பைக் கையுறை என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். கால்களுக்குப் பருத்தியைவிடக் கம்பளி மேல். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகி அந்த ஈரத்தாலேயே பாதத்தைக் குளிரவைக்கும். ஆனால் இரண்டு காலுறைகளைத் திணித்து ஷூவை இறுக்கினால் ரத்தம் போகும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். அழுத்தும் காலுறைகளை ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று விற்கிறார்கள். அவை சிரை வீக்கத்துக்கானவை. தமனி அடைப்பு இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் அணிந்தால் பாதத்துக்கே கேடு.

தாக்குதல் தொடங்கிவிட்டால்? கையை அக்குளுக்குள் வைப்பது, வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துவது, தோளிலிருந்து கையைச் சக்கரம்போல் சுழற்றி ரத்தத்தை விரல் நுனிக்குத் தள்ளுவது. மூன்றில் எனக்கு நீர்தான் விரைவில் கேட்கிறது. நீர் கிடைக்காத இடத்தில் அக்குள். கொதிநீரும் வெந்நீர்ப் பையும் வேண்டவே வேண்டாம். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது; கொப்புளம் வந்த பிறகே தெரியும்.

அயோடின் துளிகளையும் கடற்பாசி மாத்திரைகளையும் பற்றி ஒரு வரி போதும்: ஹாஷிமோட்டோ நோயில் அதிக அயோடின் தைராய்டை மேலும் கெடுக்கக்கூடும். புகையிலைக்கும் ஒரு வரி: நிக்கோட்டின் தமனியை இறுக்கிக்கொண்டிருக்கும்வரை மேலே சொன்ன எந்த மாத்திரையும் முழுப் பலன் தராது.

எந்த வரிசையில்?

நான் சொல்லும் வரிசை இது. தைராய்டு அளவை முதலில் சரியான எல்லைக்குள் கொண்டுவாருங்கள். கூடவே ரத்தசோகையையும் பி12ஐயும் பார்த்துவிடுங்கள். அந்த 6 முதல் 8 வாரமும் உடலின் நடுப்பகுதியைச் சூடாக வைத்துப் பழகுங்கள். அதன் பிறகும் கோடு போட்டதுபோல் விரல் வெளுத்தால் அது தைராய்டின் கணக்கில் எழுத வேண்டியதன்று. அப்போது ரத்தக்குழாய் மாத்திரை பற்றிப் பேசலாம்.

அந்தப் பேச்சில் இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். ஹாஷிமோட்டோ தன்னுடல் தாக்கும் நோய். அந்த இனத்து நோய்கள் ஒருவரிடமே ஒன்றுக்கு மேல் வருவதுண்டு. இளவயதில் தொடங்கி, இரு கையிலும் சமமாக, புண்ணின்றி வந்துபோகும் ரேனாட் பெரும்பாலும் தீங்கற்றது. 40 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல் தோல் இறுகினாலோ, மூட்டு வலியும் வாய் வறட்சியும் சேர்ந்தாலோ, பின்னால் ஸ்க்லெரோடெர்மா (தோல் தடித்து இறுகும் நோய்), லூபஸ் (பல உறுப்புகளைத் தாக்கும் நோய்) போன்ற தன்னுடல் தாக்கும் நோய்கள் இருக்கலாம். நகக்கண்ணின் நுண்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் தன்னுடல் தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனையும் அப்போது தேவை. விரல் மணிக்கணக்கில் நிறம் மீளாவிட்டாலோ கறுத்தாலோ, கால் திடீரென்று வெளுத்துக் குளிர்ந்து கடுமையாக வலித்தாலோ, முன்பதிவுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

மருத்துவர் அறைக்குள் நுழையும்போது விரல்கள் எப்போதும் நல்ல நிறத்தில்தான் இருக்கும். மூன்று முறை அப்படி வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். நான்காம் முறை, வெளுத்த விரல்களைக் கைபேசியில் படமெடுத்து, எந்த விரல், எத்தனை நிமிடம், அன்று என்ன மாத்திரை என்று குறித்துக்கொண்டு போனேன். மருத்துவர் படத்தைப் பார்த்தார். அந்தக் கோட்டைப் பார்த்தார். "இது தைராய்டு இல்லை" என்றார்.