3-9×40, 8×56, 1-6×24: எந்த வேட்டைக்கு எந்த ஸ்கோப்?

ரைஃபிள் ஸ்கோப் (குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?" கடைக்காரரும் 16, 20, 25 என்று ஏற்றிக்கொண்டே போவார். மானுக்கும் பன்றிக்கும் அவ்வளவு தேவையில்லை. எந்த வெளிச்சத்தில் சுடப்போகிறீர்கள், விலங்கு நிற்குமா ஓடுமா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு வந்துவிடும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் காலங்காலமாகப் புழங்கும் மூன்று அளவுகளை அப்படித்தான் ஒப்பிடப்போகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இது வெளிநாட்டில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு.

எண்களைப் படிப்பது சுலபம். 3-9×40 என்றால் 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர். 8×56இல் பெருக்கம் மாறாது, எப்போதும் 8 மடங்குதான்.

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்காரர்களிடம் அதிகம் காணப்படுவது 3-9×40தான். பென்சில்வேனியா போன்ற காட்டுப் பகுதிகளில் 100 கஜத்துக்கு மேல் பார்வையே எட்டாத இடங்கள் ஏராளம். 30-06 என்ற பரவலான தோட்டா வகை ரைஃபிளை 200 கஜத்தில் ஜீரோ செய்து (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்தி) வைத்தால் 100 கஜத்தில் குண்டு ஏறத்தாழ 2 அங்குலம் மேலே படும், 300 கஜத்தில் சுமார் 8 அங்குலம் கீழே இறங்கும். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் உள்ள உயிர்நிலைப் பகுதி 8 முதல் 10 அங்குலம் இருக்கும். அதனால் 200 கஜத்தைச் சற்றுத் தாண்டும் வரை எந்தக் கணக்கும் போடாமல் நடு நெஞ்சில் குறிவைக்கலாம். லியூபோல்ட் நிறுவனம் 1962இல் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் குறுக்குக்கோடு (ஓரத்தில் தடிமன், நடுவில் மெல்லிசு) இதற்குத் தாராளமாகப் போதும். எடையும் 350 முதல் 400 கிராமுக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் ஜெர்மன்காரர்கள் ஏன் 56 மில்லிமீட்டர் லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டை சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைந்து அரை மணியில் முடிந்துவிடும். ஜெர்மன் வேட்டைச் சட்டம் மானை இரவில் சுடுவதைத் தடுக்கிறது, ஆனால் அதில் 'இரவு' என்பதே சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பம். காட்டுப்பன்றிக்கு அந்த இரவுத் தடையும் இல்லை. பரணில் உட்கார்ந்து நிலா வெளிச்சத்தில் பன்றிக்குக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு துளி ஒளியும் காசு.

இங்கே ஒரு எளிய வகுத்தல் உதவும். முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 56ஐ 8ஆல் வகுத்தால் 7 மில்லிமீட்டர். இளவயதில் இருட்டில் விரியும் கண்மணியின் அளவும் ஏறக்குறைய அதுதான். 3-9×40ஐ 9இல் வைத்தால் 4.4தான் வரும். அதையே 6க்கு இறக்கினால் 6.7. அதாவது பெருக்கத்தை மாற்றும் வளையத்தைத் திருப்பினாலே 8×56க்குப் பக்கத்தில் பிரகாசம் வந்துவிடுகிறது. பலர் இதைச் செய்யாமலே "அந்தியில் ஒன்றும் தெரியவில்லை" என்று புலம்புகிறார்கள். ஆனால் பிரகாசம் ஒன்றானாலும் படம் சிறிதாகிவிடுகிறது. புதரோரம் நிற்பது தாய்ப்பன்றியா தனி ஆண்பன்றியா என்று பிரித்துப் பார்க்கும்போது 8 மடங்கு தன் வேலையைக் காட்டும். இன்னொன்று, வயது ஏற ஏறக் கண்மணி அவ்வளவு விரிவதில்லை. 5 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிற கண்ணுக்கு 7 மில்லிமீட்டர் ஒளிவட்டம் பாதி வீண். ஐம்பது வயதைத் தாண்டியவர் 56க்குக் காசு கொட்டும் முன் இதை யோசிக்கட்டும்.

8×56இன் குறை பகலில் தெரியும். எடை அரைக் கிலோவைத் தாண்டும். பெரிய லென்ஸ் துப்பாக்கிக் குழலில் இடிக்காமலிருக்க உயரமான ரிங் (ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையம்) வேண்டும். அப்போது கன்னம் துப்பாக்கியின் கட்டையில் சரியாகப் பதியாது. 100 மீட்டரில் தெரியும் காட்சியின் அகலமும் 5 மீட்டர் அளவுதான். ஓடுகிற பன்றியை அதற்குள் பிடிப்பது நடக்காத காரியம்.

அதற்குத்தான் 1-6×24. இலையுதிர், குளிர் காலங்களில் நாய்களை விட்டுப் பன்றிகளைக் கிளப்பி ஓடவிடும் வேட்டையில், குறிவைக்கக் கிடைப்பது சில நொடிகள். 1 மடங்கில் இரண்டு கண்ணையும் திறந்தபடி சுடலாம், காட்சி 40 மீட்டர் அளவு விரிகிறது, நடுவில் சிவப்புப் புள்ளி எரிகிறது. இந்த வேலையில் மற்ற இரண்டும் இதன் அருகில்கூட வர முடியாது. அந்தியில் மட்டும் கைவிட்டுவிடும்: 6 மடங்கில் ஒளிவட்டம் வெறும் 4 மில்லிமீட்டர்.

பெரும் பெருக்க ஸ்கோப்புகள் அமெரிக்க மேற்குச் சமவெளியில் தொலைதூர வேட்டைக்குப் பயன்படும், அவ்வளவுதான். கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்கோப் வழியாகப் பார்க்கும் பழக்கத்தையும் அவை வளர்க்கின்றன. தூரத்தில் அசைவது மனிதனாக இருந்தால் துப்பாக்கி அவரை நோக்கித்தானே நிற்கிறது? அடையாளம் பார்க்க பைனாகுலர் வேண்டும்.

ஒரே ஸ்கோப்தான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு 3-9×40க்கு. இரவுப் பன்றியை நம்பியிருப்பவருக்கு 8×56. ஓட்ட வேட்டைக்குத் தனியாக ஒரு ரைஃபிள் வைத்திருப்பவர் 1-6×24 வாங்கலாம். முதல் ஸ்கோப்பாக அது வேண்டாம்.

30 மில்லிமீட்டர் குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அதனால் கூடுவது பெரும்பாலும் குறியைத் திருத்தும் வீச்சுதான். வெளிச்சத்தைத் தீர்மானிப்பது லென்ஸும் அதன் பூச்சும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், இல்லையென்றால் உதைப்பு பலமான ரைஃபிளில் புருவம் கிழியும். மிச்சப் பணத்தில் நல்ல ரிங்கும், அதை ரைஃபிளில் பொருத்தும் மவுண்டும் வாங்குங்கள். திருகு தளர்ந்தால் எந்த விலை ஸ்கோப்பும் ஜீரோவில் நிற்காது.